முதுகில் ஒரு பட்டன்

கப்சாய் மோட்டார் சைக்கிள் என்றாலே எனக்கு இளக்காரம். தையல் மெஷினுக்குச் சக்கரம் மாட்டிவிட்ட மாதிரி ஒரு வண்டி. அதை ஓட்டுகிறவன் எல்லாம் ஜேமில் என் கார்க் கண்ணாடியை உரசுவதற்கென்றே பிறந்தவன் என்று நினைத்திருந்தேன். எங்கள் நகரத்தார் கல்யாணங்களில் ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் வந்த வண்டியைப் பார்ப்பார்கள். நானும் அப்படிப் பார்த்தவன்தான்.

"சின்னதா ஒரு மோட்டார் வாங்குங்களேன், பாசாருக்குப் போய்க் காய் வாங்கிவர ஆகும்" என்று என் மனைவி மெய்யம்மை ஒருமுறை கேட்டாள்.

"சாத்தப்பன் பொண்டாட்டி கப்சாயில போறான்னு நாலு பேர் சொல்லணுமா?" என்றேன்.

அப்புறம் அவள் கேட்கவில்லை. பிரிக்பீல்ட்ஸ் வெயிலில் இரண்டு கையிலும் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே வந்தாள். பெரிய கௌரவம், போங்கள்.

போன வருஷம் அவளுக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறியது. கிள்ளானில் ஒரு பராமரிப்பு இல்லத்தில்தான் இடம் கிடைத்தது. பிள்ளைகள் இல்லை, அவளைப் பார்க்கப் போக நான் ஒருவன்தான். அங்கே ஏழு மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். எனக்கு ஆபீஸ் முடிவது ஐந்தரைக்கு. கூட்டரசு நெடுஞ்சாலையில் கார் நகர்ந்தால்தானே? ஒரே வாரத்தில் மூன்று நாள் பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். மூன்றாம் நாள் அங்கே வேலை செய்யும் புஷ்பவல்லி கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "ஏழு மணி வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டிருந்தாங்க அங்கிள்" என்றாள். காருக்குள் உட்கார்ந்து அழுதேன்.

மறுவாரம் ஆபீஸ் நண்பர் கன்னையாவின் பழைய கப்சாயை வாங்கினேன். மோட்டார் லைசென்ஸ் இருபது வயதில் எடுத்து வைத்தது, தொட்டதே இல்லை.

முதல் நாளே மழை. மோட்டார் பாதையில் ஒரு பாலத்தின் கீழ் இருபது முப்பது பேர் ஒதுங்கி நின்றார்கள். நானும் பட்டன் வைத்த ஜாக்கெட்டோடு போய் நின்றேன். பக்கத்தில் நின்ற ஒரு பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"புதுசா அங்கிள்? ஜாக்கெட்ட திருப்பிப் போடுங்க லா. நெஞ்சுல காத்து அடிக்காது."

சுற்றிப் பார்த்தேன். எல்லோருமே ஜாக்கெட்டின் முன்பக்கம் முதுகில் வரும்படி மாட்டியிருந்தார்கள்.

"பட்டன எப்படிப் போடறது?"

"பின்னால யாரு வந்து போட்டு விடுவா? தொறந்தே கெடக்கட்டும்" என்றாள்.

நானும் திருப்பி மாட்டிக்கொண்டேன். மழை விட்டதும் ஆளுக்கொரு பக்கம் போனோம். அவள் பெயரைக் கேட்கவில்லை. ஆனால் அன்று ஆபீஸுக்கு வெளியே என்னிடம் பேசிய முதல் ஆள் அவள்தான்.

அந்த மழையிலும் ஆறரைக்கு இல்லத்தில் இருந்தேன். மெய்யம்மை என் கையில் இருந்த ஹெல்மெட்டைப் பார்த்தாள். அவள் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? தண்ணீர் எடுக்கத் திரும்பினேன்.

"மு... துகு" என்றாள்.

"அது அப்படித்தான். எல்லாரும் அப்படித்தான் போடறாங்க."

இடது கையால் கட்டிலைத் தட்டினாள். அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். ஒரே கை, அதுவும் பழகாத இடது கை. பட்டன் ஓட்டை வரை வரும், நழுவும். மறுபடி பிடிப்பாள். அவள் மூச்சு என் கழுத்தில் பட்டுக்கொண்டிருந்தது. நான் அசையவில்லை. காரில் வந்திருந்தால் இந்நேரம் பாதி வழியில் ஷா ஆலாமில் எவனையாவது திட்டிக்கொண்டு நின்றிருப்பேன். இந்த அரை மணி நேரம் அந்தத் தையல் மெஷின் எனக்குக் கொடுத்தது. ஏழு மணிக்குக் கேட்டுக் காவலுக்கு நிற்கும் ஜாகா மணியடிக்கும்போது நடுப்பட்டன் ஒன்று மட்டும் மாட்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டேன். பின்னால் கை எட்டவில்லை. எட்டியிருந்தாலும் கழற்றியிருக்க மாட்டேன். பனியனை உருவுவது போல் தலை வழியாக ஜாக்கெட்டை உருவி, நாற்காலியில் மாட்டினேன்.

மறுநாளும் அதைத் தலை வழியாகவே போட்டுக்கொண்டேன்.