தம்பி திரும்பி வரும் அத்தியாயம்

பூட்டுக்கடை அக்கா நாவல் எழுதியிருக்கிறாள் என்று கேள்விப்பட்டுக் கடைத்தெருவே வாயைப் பொத்திச் சிரித்தது. பூட்டு விற்கிறவளுக்குக் கதையின் சாவி எங்கே கிடைத்தது என்று கேட்டவர்களும் உண்டு. அவள் சட்டை செய்யவில்லை. நானூறு பக்கமும் ஒரே ஒரு ஆள் படிப்பதற்காக எழுதியது. அந்த ஆள், கூடப்பிறந்த தம்பி. பெரிய பதிப்பகம் ஒன்றில் நாவல்களைத் தேர்ந்தெடுக்கிற உத்தியோகம். அவன் தலையாட்டினால் புத்தகம். உதட்டைப் பிதுக்கினால் பழைய பேப்பர்.

அவன் படிக்கப் போன வருஷம்தான் அப்பா பக்கவாதத்தில் விழுந்தார். பதினோரு வருஷம் கடையையும் கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தாள் அக்கா. போனவன் சாவுக்குத்தான் வந்தான். அதற்கும் வாடகைக் காரை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தான். இதையெல்லாம் நேரில் சொன்னால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பான். அதனால் எழுதினாள். பூட்டுக்கடையைப் பாத்திரக்கடையாக்கியதைத் தவிர எதையும் மறைக்கவில்லை.

பதில் கேட்க அவள் பதிப்பகத்துக்குப் போனபோது அவன் மேஜை முழுக்க அட்டைகள். அத்தியாயத்துக்கு ஒரு அட்டை, அட்டைக்கு இரண்டே வரி: யாருக்கு என்ன வேண்டும், குறுக்கே நிற்பது எது. ஒரு வரி காலியாக இருந்தாலும் அட்டையைக் கவிழ்த்துவிடுவான். நாவலின் எலும்பைப் பார்க்கும் வழி இதுதான் என்று ஊர் ஊராக வகுப்பெடுத்துப் பேர் வாங்கியவன். அக்காவின் நாவலில் பதினெட்டு அட்டைகள் குப்புறக் கிடந்தன.

"இதுல ஒண்ணுமே நடக்கலையேக்கா. அந்தப் பொண்ணு கடையைத் திறக்கிறா, அப்பாவைத் துடைச்சு விடறா, கடையைச் சாத்தறா. மறுநாளும் அதேதான். அவளுக்கு என்னதான் வேணும்?"

முப்பது வருஷமாக வாடிக்கையாளர் முகம் படித்தே பிழைத்தவள் அவள். எதிரே இருந்த முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அவனே தொடர்ந்தான். முதல் முடிச்சு பிரமாதமாம்: தம்பி வீட்டை விட்டுப் போவது. ஆனால் முடிச்சைப் போட்டால் அவிழ்க்க வேண்டாமா? முக்கால்வாசிக் கதையில் அவன் வந்தாக வேண்டும். அப்பாவின் காலைப் பிடித்து அழ வேண்டும். வாசகர் கைக்குட்டையைத் தேட வேண்டும்.

"அவன் வரலடா," என்றாள்.

"வர வையேக்கா. கதைதானே."

"நீ எத்தனை பக்கம் படிச்சே?"

கூச்சமே இல்லாமல் சிரித்தான். உதவியாளர்கள் படித்து அட்டை எழுதுவார்களாம். இவன் அட்டையைப் பார்ப்பானாம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று அவளுக்கே பாடம் நடத்தினான். ஆனால் புது அத்தியாயம் எழுதி அனுப்பினால், அதை மட்டும் தானே உட்கார்ந்து படிப்பதாக வாக்குக் கொடுத்தான்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அக்கா எழுதினாள். கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து இரண்டே நாளில் முடித்தாள். அதில் தம்பி வந்தான். பையை வாசலில் போட்டான். அப்பாவின் வாயோரம் வழிந்ததைத் தன் சட்டையால் துடைத்தான். இனிமேல் நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போய்த் தூங்கு என்று அக்காவிடம் சொன்னான். மற்ற அத்தியாயங்களை எழுத மாசக்கணக்கில் திணறியவளுக்கு இது தண்ணீர் பட்ட பாடாக வந்தது.

மறுநாளே போன். தம்பிதான்.

"கண்ணு கலங்கிடுச்சுக்கா. இப்படியும் ஒரு தம்பி! யாரு, உனக்குத் தெரிஞ்ச ஆளா?"

அக்கா கல்லாவைச் சாத்தினாள்.

"இல்லப்பா. கற்பனைதான்."

"அதான் இவ்வளவு நல்லா வந்திருக்கு," என்றான் அவன்.