அனுஷியாவுக்குத் தைத்த உள்சட்டை

நிஷ்மியா அந்த உள்சட்டையை மறுபடியும் பிரித்துக்கொண்டிருந்தாள். எத்தனையாவது தடவை என்று எண்ணுவதையே விட்டுவிட்டாள்.

மாத்தளை நகரில் ஆடை வடிவமைப்புப் படிக்கிற அவளுடைய வகுப்புக்கு இந்தத் தவணையில் கொடுத்திருந்த வேலை, கூனி நடப்பவரை நிமிர வைக்கும் உடுப்பொன்றைத் தைப்பது. அதை ஒருவருக்கு ஒரு மாதம் அணிவித்துப் பலனையும் காட்ட வேண்டும். தோளைப் பின்னுக்கு இழுக்கும் எலாஸ்டிக் பட்டி வைத்து நிஷ்மியா ஓர் உள்சட்டை தைத்தாள். அவளோடு சேர்ந்த அனுஷியா அணிந்தாள். எல்கடுவையிலிருந்து பஸ்ஸில் வரும் அனுஷியா வகுப்பிலேயே உயரம். அதை மறைக்கத் தோளைக் குறுக்கியே நடப்பாள்.

முதுகு தானாக நிமிர்கிறதா என்று பார்க்க, வாராவாரம் உள்சட்டையைக் கழற்றிவிட்டு வரச் சொல்லி அவளைச் சுவரோரம் நிற்க வைத்து, நிஷ்மியா பக்கவாட்டில் படம் எடுத்தாள். எல்லாப் படமும் ஒன்றுபோலவே இருந்தது. அதே வளைந்த முதுகு.

"பட்டி பத்தாது போல. இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பாருங்க" என்றார் ஆசிரியை கிருஷாந்தினி.

நிஷ்மியா எலாஸ்டிக்கை அகலமாக்கினாள். முதுகில் குறுக்காக இன்னொரு பட்டி வைத்தாள். விரலெல்லாம் ஊசி குத்திய காயம். படம் மட்டும் மாறவில்லை.

வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்து நூல் வாங்கப் போனவள், பஸ் ஸ்டாண்டில் அனுஷியா நிற்பதைக் கண்டாள். பட்டி சரியாக இருக்கிறதா என்று பின்னால் போய் முதுகில் கை வைத்தாள். பட்டியே இல்லை.

"எங்கடி சட்டை?"

அனுஷியா திடுக்கிட்டுத் திரும்பினாள். "பேக்ல இருக்கு. வகுப்புல மட்டும்தான் போடுறேன்."

"ஒரு மாசமாவா? நான் பிரிச்சு பிரிச்சு தைக்கிறத பாத்துக்கிட்டுத்தானே இருந்த? ஏன் ஒரு வார்த்த சொல்லல்ல?"

"சொன்னா நீ இன்னொரு பட்டி வைப்ப."

நிஷ்மியாவுக்கு முகம் சுட்டது.

அனுஷியா குரலைத் தாழ்த்தினாள். "அத போட்டா தோள் பின்னுக்கு போகுது, நெஞ்சு முன்னுக்கு வருது. பஸ்ல எல்லாரும் பாக்குறாங்க. ஒருத்தன் ஃபோன எடுத்து படம் புடிச்சான். அதுக்கு கூனே பரவாயில்ல."

அப்போது எல்கடுவை பஸ் வந்துவிட்டது. அவள் ஏறிப் போனாள்.

நிஷ்மியாவும் அந்தச் சட்டையைப் போட்டுப் பார்த்தவள்தான். ஆனால் அவள் அதன்மேல் தொளதொளவென்று அபாயா அணிந்திருந்தாள். வெளியே எதுவும் தெரியவில்லை. அனுஷியாவின் ஒட்டிய டீ-சேர்ட் அவள் நினைவுக்கே வரவில்லை.

திங்கட்கிழமை இருவரும் அதிகம் பேசிக்கொள்ளாமல் நெஞ்சு எடுப்பாகத் தெரியாமல் மறைக்க முன்பக்கத்துக்கு ஒரு துணி வைத்துப் பார்த்தார்கள். துணி வைத்தால் பட்டி நழுவியது. பட்டியை இறுக்கினால் துணி சுருங்கியது. அதற்குள் ஒப்படைக்கும் நாள் வந்துவிட்டது. வகுப்பின் முன் நின்று, அனுஷியா சட்டையை வெளியில் அணியவே இல்லை என்று நிஷ்மியா உள்ளதைச் சொன்னாள்.

"அப்ப நீங்க பரிசோதிக்கவே இல்லையே?" என்றார் கிருஷாந்தினி.

"பரிசோதிச்சோம் மிஸ்" என்றாள் அனுஷியா. "போட முடியல. அதுவும் முடிவுதானே?"

"போடாத உடுப்புக்கு எப்படிப் புள்ளி போடுறது?" தேறுமளவுக்கு மட்டும் கொடுத்தார். "அடுத்த தவணை வேணும்னா திருத்திக் கொண்டு வாங்க. போடுறதுக்கு வேற ஆளப் பாருங்க."

"வேற ஆள் வேணாம் மிஸ்" என்றாள் நிஷ்மியா, அனுஷியாவின் பக்கம் திரும்பாமலே.

வெளியே வந்ததும் அனுஷியா சொன்னாள்: "இந்தத் தடவ முன்பக்கத்த நான் வெட்டுறேன்."

"வெட்டு" என்றாள் நிஷ்மியா. கோபம் இன்னும் போகவில்லை.