செத்தவர் திருத்திய வசனம்

பஸ்லியும் றிப்னாவும் தயாரித்த ஒன்பதாவது ஒலிநாடகத்தில், செத்தவரே வந்து வசனத்தைத் திருத்தினார். போன வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு அது நடந்தது. இந்தத் தம்பதி மாத்தளை டவுனில் மிளகுக் கடையொன்றின் மேல்மாடியில், துப்புத் துலங்காத பழைய குற்றங்களை நாடகமாகப் பதிந்து வட்ஸ்அப்பில் அனுப்பி வந்தார்கள். மிளகைச் சுளகில் உருட்டினால் மழைச் சத்தம், கறுவாப்பட்டையை ஒடித்தால் எலும்பு. இவ்வளவு மலிவாக ஊரைப் பயமுறுத்தியவர்கள் எங்கள் மாவட்டத்தில் வேறு யாருமில்லை. கெட்டிக்காரர்கள்தான், ஆனால் தேயிலைத் தோட்டத்துப் பழக்கவழக்கம் தெரியாத டவுன்காரர்கள்.

ஒன்பதாவது நாடகம், ரிவர்ஸ்டன் பக்கத்தில் ஏலக்காய் ஸ்டோருக்குக் காவல் இருந்த மாடசாமியைப் பற்றியது. பதினொரு வருடங்களுக்கு முன் ஒரு மாலை வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. குருநாகலில் ஒருத்தியோடு குடித்தனம் நடத்துகிறார் என்று தோட்டத்து லயன் வீடுகளில் பேசிக்கொண்டார்கள். அவருடைய மனைவி பாப்பம்மா பொட்டை அழிக்கவில்லை, யாரையும் நிமிர்ந்து பார்க்கவுமில்லை. செத்திருந்தால் அழலாம், ஓடியிருந்தால் ஏசலாம். எதுவென்று தெரியாமல் பதினொரு வருடம் கொழுந்து பறிப்பது பெரிய கொடுமை.

மாடசாமியாக நடித்த கிஷாந்த், "பாப்பம்மா, போய்ட்டு வாறேன்" என்று சொன்னதும் மைக்குக்குள்ளிருந்து வேறொரு குரல் கேட்டது.

"யாரு தம்பி இத எழுதுனது? பொண்டாட்டிய நான் என்னைக்குப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன்? 'இந்தா புள்ள'ன்னுதான் சொல்லுவேன்."

பஸ்லி மன்னிப்புக் கேட்டுப் பெயரை வெட்டினார். வந்தவரை நிற்கவைத்தா பேசுவது என்று றிப்னா ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். "இரிங்க, இன்னும் எங்க பிழை ஈக்கி?" என்று கேட்டார். நிறைய இருந்தது. ஏலக்காய் திருட வந்த இரண்டு பேர் அவரை அடித்துக் கொன்று, ஸ்டோருக்குப் பின்னாலிருந்த பாழுங்கிணற்றில் போட்டு மூடியிருந்தார்கள். அவர்களுடைய பெயர்களையும் மாடசாமியே சொன்னார். பதிவைக் கேட்ட இன்ஸ்பெக்டர், சாட்சியின் அடையாள அட்டை இலக்கம் இல்லையே என்று குறைப்பட்டார். மறுநாள் பதிவில் அதையும் மாடசாமி மனப்பாடமாகச் சொன்னார். கிணற்றைத் தோண்டியதில் எலும்புகளும் ஒரு டோர்ச்சும் கிடைத்தன. இருவரும் பிடிபட்டார்கள்.

மற்றவர்கள் கேட்பதற்கு முன்பே பாப்பம்மாவை அழைத்து நாடகத்தைப் போட்டுக் காட்டினார்கள். 'இந்தா புள்ள' என்றதுமே, "அவருதாங்க" என்றார். கடைசிவரை கேட்டார். பிறகு பதினொரு வருடத்துக்கும் சேர்த்து வாய்விட்டு அழுதார். றிப்னாவின் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "செத்துத்தாங்க போயிருக்காரு. என்னய விட்டுட்டுப் போகல. நீங்க நல்லா இருக்கணும் தாயி" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்புக்காக இந்தத் தம்பதிக்கு நானும் நன்றி சொல்கிறேன்.

ஊர் கூடிக் காரியம் செய்தது. வெள்ளிக்கிழமை நாடகம் வெளியானது. நடித்தவர்களின் பெயர்களை வாசித்த றிப்னா, "மாடசாமியாக மாடசாமி" என்றார்.