உள்பக்கத்து பேட்

கார் கத்துகிறது என்று அவள் நான்கு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிரேக்கை மிதித்தால் முன்சக்கரத்திலிருந்து கீச்சென்று ஒரு சத்தம். ஒருநாள் குனிந்து, சக்கரத்தின் இடைவெளி வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். வெளிப்பக்கத்து பிரேக் பேட் தடிமனாகத்தான் இருந்தது. தூசியாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனாலும் புது பேட் ஒரு செட் வாங்கி அலமாரியில் வைத்தேன்.

"எப்ப மாத்துவீங்க?"

"பாத்துக்கலாம்."

பதினொரு வருடமாக அவள் கேட்ட எல்லாவற்றுக்கும் என்னிடம் இருந்த பதில் அது ஒன்றுதான்.

இன்று அவள் போகிறாள். இனி அவளுடைய அண்ணன் வீட்டில்தான் இருக்கப்போகிறாள். அவரே வந்து பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தார். வழியில் நீளமான மலை இறக்கம் ஒன்று உண்டு. "இந்த பிரேக்கோட போக வேணாம், மாத்தித் தரேன்" என்று காலையில் நானாகவே சொன்னேன்.

ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றியபோது அண்ணன் ஒரு பெட்டியோடு வெளியே வந்தார்.

"என்ன மாப்பிள்ளை, வண்டியக் கழுவவே நாலு நாள் யோசிக்கிற ஆளு, இன்னிக்கு சக்கரத்துக்குள்ள தலைய விட்டிருக்கீங்க?"

சிரித்தார். பிறகு என்ன நாள் என்பது நினைவுக்கு வந்ததுபோல் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

பேட்களைப் பிடித்திருக்கும் காலிப்பரைத் தூக்கினேன். வெளிப்பக்கத்து பேட் ஏறக்குறைய முழுதாக இருந்தது. உள்பக்கத்தில் இருந்தது நகக்கனம்கூட இல்லை. காலிப்பர் நகர்வதற்கென்று இரண்டு பின்கள் உண்டு. அதில் ஒன்று துருவேறி இறுகிக் கிடந்தது. அதனால் இத்தனை நாளும் உள்பக்கம் மட்டுமே தேய்ந்திருக்கிறது. பேட் முடியப்போகும்போது, சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கில் உரசிக் கத்துவதற்காகவே ஓரத்தில் ஒரு சின்னத் தகடு வைத்திருப்பார்கள். அது உரசி உரசிப் பளபளத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அவள் தேநீரைக் கொண்டுவந்து தரையில் வைத்தாள்.

"இதுதான் கத்திச்சா?"

"ஆமா. நான் வெளிப்பக்கம் மட்டும்தான் பாத்தேன்."

"ம்." தேநீரை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். "எத்தனை மணிக்கு முடியும்?"

பின் கழலவில்லை, கடைக்குத்தான் கொண்டுபோகணும், இன்னிக்குக் கடை லீவு. அந்தப் பொய் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் நம்புவாள். பெட்டிகள் இன்னும் ஒருநாள் கூடத்தில் கிடக்கும். அவளும் இருப்பாள்.

"பன்னெண்டுக்கு முடிச்சிடுவேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இப்பதான் மணி சொல்ல வருதா உங்களுக்கு?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பின்னைத் தட்டிக் கழற்றி, துருவைச் சுரண்டி, கிரீஸ் தடவி மாட்டினேன். பேட்டை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளிப் புது பேட்களைப் பொருத்தினேன். இரண்டு முன்சக்கரங்களும் முடிந்ததும் உள்ளே உட்கார்ந்து, பெடல் கெட்டியாகும் வரை மிதித்தேன். சீட் அவளுக்கு ஏற்றபடி முன்னால் தள்ளியிருந்தது. என் முழங்கால் இடித்தது. நான் அதை நகர்த்தவில்லை.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. அவள் ஏறி உட்கார்ந்ததும் ஜன்னலருகே குனிந்து சொன்னேன். "புது பேட் டிஸ்க்கோட பழகணும். தெருக்கோடி மேடு வர்றதுக்குள்ள பத்து தடவ மெதுவா பிரேக் போடு. முழுசா நிறுத்திடாத."

"பத்தா?"

"பத்து."

"நான் எண்ணிக்கிறேன் மாப்பிள்ளை" என்றார் பக்கத்து சீட்டிலிருந்து அண்ணன்.

"போய்ச் சேந்ததும் ஒரு போன் பண்ணுவியா?"

அவள் சாவியைத் திருகினாள். "பாத்துக்கலாம்" என்றாள். குத்திக்காட்டுவதற்காகச் சொன்னதுபோல் இல்லை.

எங்கள் தெரு மேடு வரைக்கும் நேராகப் போகும். முதல் தடவை பின்விளக்குகள் சிவந்தபோது, சொல்லி அனுப்பியதே நான்தான் என்றாலும், ஓரடி முன்னால் வைத்துவிட்டேன். விளக்கு அணைந்தது. வண்டி கத்தவில்லை. இரண்டு. மூன்று. ஏழாவதில், குறுக்கே வந்த ஒரு சைக்கிளுக்காகக் கொஞ்சம் அதிகநேரம் எரிந்தது. எட்டு. ஒன்பது. பத்து.

மேட்டுக்கு இன்னும் பத்துப் பதினைந்து வீடுகள் மிச்சமிருந்தன. அந்தத் தூரம் முழுவதும் விளக்கு எரியவே இல்லை.