புள்ளி யார் பக்கம்

மூட்டை தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போன பிறகு, கிடங்கில் அவனுக்குச் சீட்டு அடிக்கும் வேலை கொடுத்துப் பார்த்தார்கள். பெட்டிக்குள் என்ன இருக்கிறது, எப்படித் தூக்க வேண்டும் என்று அடித்து, அச்சாகி வரும் சீட்டைக் கிழித்து ஒட்ட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அவனுக்குப் பாதி எழுத்துதான் தெரியும். மீதிப் பாதி அவன் மனைவிக்குத் தெரியும்.

இருவரும் பெரியவர்களுக்கான மாலை வகுப்பில் சேர்ந்தபோது வீட்டில் கைக்குழந்தை. ஒருவர் போனால் ஒருவர் இருந்தாக வேண்டும். அவள் முதலில் போய் உயிரெழுத்தை முடித்தாள். அப்புறம் குழந்தைக்குப் பல் முளைத்து, அம்மாவை விட மாட்டேன் என்றது. மெய்யெழுத்துக்கு இவன் போனான். இரண்டும் சேரும் பாடம் வருவதற்குள் வாத்தியாருக்கு மாற்றல் வந்துவிட்டது.

இந்தக் கூத்துக்குத் தோதாக ஒரு விசைப்பலகை கொண்டுவந்தவன் மச்சான், அவள் தம்பி. எதிர்த்தெருவில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். பலகை நடுவில் இரண்டாகப் பிளந்து, ஆளுக்கொரு உள்ளங்கை அகலத்தில், பாதிக்கொரு வயரோடு கம்ப்யூட்டரில் தனித்தனியாகச் செருகும்படி இருந்தது. மணிக்கட்டு நோகுது என்று யாரோ செய்யச் சொல்லிவிட்டு வாங்க வரவில்லையாம்.

"எந்தக் கட்டையில எந்த எழுத்துங்கிறது நம்ம இஷ்டம் மாமா," என்று இடது பாதியில் உயிரையும் வலது பாதியில் மெய்யையும் வைத்துக் கொடுத்தான். குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு அவளும் கிடங்குக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இவன் 'க' தட்டுவான், அவள் 'இ' தட்டுவாள், திரையில் 'கி' விழும். கையால் எழுதினால் ஒட்டாதது அதில் ஒட்டியது.

புள்ளியில்தான் வந்தது வம்பு.

"புள்ளி என் எழுத்துத் தலையிலதான உக்காருது? அப்ப என் கட்டைவிரலுக்குக் குடு."

"உயிர் வராத எடத்துலதான் புள்ளி. நான் வரலன்னு நான்தான் சொல்லணும். அதச் சொல்ல நீங்க யாரு?"

"என் தலை, என் புள்ளி."

"உங்க தலையில என்னைக்கு நான் இல்லாம இருந்திருக்கேன்?"

புள்ளி இடது பக்கம் போனது.

ஒருநாள் மேலாளர் சொன்னார்: "நாளைக்கு முதலாளி வர்றாரு. சீட்டு ஒழுங்கா இருந்தா இந்த நாற்காலி உனக்கு. இல்லன்னா பழையபடி மூட்டைதான்." அதைக் கேட்டதுமே அவன் இடுப்பு பிடித்துக்கொண்டது. அவள் கட்டைவிரலுக்குக் காத்திருந்தால் வேலை ஓடாது என்று பயந்து, சொல்லாமல் கொள்ளாமல் மச்சானிடம் போய்ப் புள்ளியைத் தன் பக்கம் மாற்றிக்கொண்டு வந்தான்.

காலையில் அவள் கட்டைவிரலை வைத்தாள். ஒன்றும் விழவில்லை. மறுபடி வைத்தாள். திரும்பிப் பார்த்தாள்.

"வேலை சட்டுனு நடக்கட்டும்னுதான்..." என்று இழுத்தான்.

"நடக்கட்டும்." தன் பாதியின் வயரைப் பிடுங்கி, அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

மெய்யும் இருக்கிறது, புள்ளியும் இருக்கிறது, என்ன குறை என்று அவன் உட்கார்ந்தான். கண்ணாடித் தட்டுகள் வந்து இறங்கியிருந்தன. 'உடையும்' என்று அடிக்க வேண்டும். தனக்குத் தெரிந்ததை வரிசையாகத் தட்டினான். 'டயம்' என்று வந்தது. அவன் கண்ணுக்கு அது எப்போதும்போலப் பாதி சரியாகத்தான் தெரிந்தது. எல்லாப் பெட்டியிலும் ஒட்டினான்.

குட்டை என்கிற மூட்டைக்காரன் ஒரு பெட்டியைத் தூக்கி, எழுத்துக்கூட்டிப் படித்தான். "டயம்... டேய், கடிகாரம்டா!" காதை வைத்துக் கேட்டான். "ஓடலியே."

"குலுக்குடா. ஓடும்," என்றான் இன்னொரு மூட்டைக்காரன்.

குலுக்கினான். சத்தம் நன்றாகவே கேட்டது.

மேலாளர் அலறிக்கொண்டு வந்தார். "என்னடா சத்தம்?"

"நின்னுபோன கடிகாரம் சார். எல்லாத்தையும் ஓட விட்டுட்டோம்."

மேலாளர் ஒரு பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். "முதலாளி டீ குடிச்சிட்டிருக்காரு. உயிர் எங்கய்யா?"

"கோவிச்சுக்கிட்டுப் போயிருச்சுங்க."

"டீ ஆறுறதுக்குள்ள கூட்டிட்டு வா!"

தன் பாதியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, இடுப்பைப் பிடித்தபடி எதிர்த்தெருவுக்கு ஓடினான். அவள் தன் பாதியைத் தம்பியின் கம்ப்யூட்டரில் செருகி, திரை நிறைய என்னவோ அடித்து வைத்திருந்தாள். அதில் ஒன்றுகூட அவன் படித்த எழுத்து இல்லை.

"என்னடா மச்சான் எழுதியிருக்கா?"

"ஏ, ஏ, ஓ, ஐ, ஆ... திட்டா அழுகையான்னு தெரியல மாமா. மெய் இல்லாம ஒண்ணும் பிடிபடல."

அவனும் தன் வயரைச் செருகினான். சொல்ல எவ்வளவோ இருந்தது. ஒரே ஒரு எழுத்தைத்தான் தட்டினான்.

"'வ'ங்கிறாரு அக்கா."

"வன்னா?"

"ஒண்ணுமில்ல. நீ 'ஆ' போட்டாத்தான் அதுக்கு ஏதாவது அர்த்தம்."

அவள் திரையையே பார்த்தாள். இவன் பெட்டிகளையும் முதலாளியையும் மறந்து அவள் விரலையே பார்த்தான். விரல் இறங்கியது. 'வா' என்று விழுந்தது.

"என்னக் கூப்பிடவும் நானேதான் வரவேண்டியிருக்கு," என்றாள். "சரி. புள்ளி?"

மச்சான் கையெடுத்துக் கும்பிட்டான். "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கட்டைவிரல வெச்சாத்தான் புள்ளி விழும், அப்படி மாத்தி விட்டுடறேன். என்ன ஆள விடுங்க."

இருவரும் கிடங்குக்குத் திரும்பி உட்கார்ந்ததும் முதலாளி வந்து அவர்கள் பின்னால் நின்றார். "'உடையும்'னு அடி, பாப்போம்."

அவள் உ. இவன் ட. அவள் ஐ. இவன் ய. அவள் உ. இவன் ம. புள்ளிக்கு இவன் கட்டைவிரல் முந்தியது, விழவில்லை. அடுத்து அவள் முந்தினாள். மொட்டைத் தலையோடு நின்ற 'ம' மேல் எல்லார் கண்ணும் இருந்தது. முதலாளிகூட மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப," என்றாள் அவள், மெதுவாக.

விழுந்தது.

"ஒரு வேலைக்கு ரெண்டு பேரா?" என்றார் முதலாளி.

"ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே படிப்புங்க."

முதலாளி நொறுங்கிக் கிடந்த பெட்டிகளைப் பார்த்தார். "நாற்காலிய இன்னொண்ணு போடு. இவன மட்டும் தனியா உக்கார வைக்காத," என்று மேலாளரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அவர் தலை மறைந்ததும் மேலாளர், "அதான் முடிஞ்சுதே, வந்து இந்தப் பெட்டிக்கு ஒரு கை குடு," என்றார்.

அவன் எழுந்தான். அதற்குள் அவள் இன்னொரு சீட்டை அச்செடுத்துக் கிழித்து அவன் இடுப்புக்கு மேலே, முதுகில் ஒட்டினாள். குட்டை பக்கத்தில் வந்து எழுத்துக்கூட்டினான். "உ... டை... யும்." சந்தேகம் தீராமல் முதுகில் காதை வைத்துக் கேட்டான்.

"ஓடுது சார்," என்றான். "குலுக்க வேணாம்."