மஹ்பூபா கீதா?

வியாழக்கிழமை காலையிலிருந்து தேவராஜால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் கால் ஆடியது. காலை அடக்கினால் கை மேஜையைத் தட்டியது. இத்தனைக்கும் அவனிடம் கேட்டிருந்தது நான்கே நான்கு வரி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒன்பது பவர் பிரஸ் ஓடுகிற ஷெட்டுக்கு முதலாளி, ஐம்பது வயசு மனுஷன், நான்கு வரிக்கு இப்படித் தவித்துக்கொண்டிருந்தான்.

கேட்டவள் லாவண்யா. கரூரிலிருந்து வந்து நெமிலிச்சேரி ஸ்டேஷன் பக்கம் ஃப்ளாட்டில் குடியிருக்கும் ஐ.டி. பெண். வாரத்தில் ஐந்து நாள் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிவிட்டு, சனி ஞாயிறில் எஸ்டேட்டின் பழைய கதைகளைத் தோண்டுவாள். உள்ளூர்க்காரன் ஒருத்தனுக்கும் வராத அக்கறை அவளுக்கு எங்கிருந்து வந்ததோ! எந்த ஷெட்டில் யார் எதை முதலில் செய்தார்கள் என்று ஆறு மாதம் அலைந்து, யாருக்கும் தெரியாமல் போன பதினான்கு பேரைப் பிடித்துவிட்டாள். சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்க ஹாலில் கண்காட்சி. ஆளுக்கு ஒரு போர்டு. அதில் ஒரு போர்டு தேவராஜின் அப்பா பால்ராஜுக்கு. அவர் செத்துப் பதினைந்து வருஷம் ஆகிறது.

பால்ராஜ் கண்டுபிடித்ததாகச் சொல்லப்பட்டது ஒரு தோல் பட்டை. பிரஸ்ஸில் தகட்டைக் கையால் உள்ளே வைத்துக் காலால் பெடலை மிதித்தால், மேலேயிருந்து இரும்புத் தலை இறங்கி அடிக்கும். கையை எடுக்க ஒரு கண நேரம் பிந்தினால் விரல் இருக்காது. இந்தப் பட்டையை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டால், அதிலிருந்து போகும் கயிறு கப்பி வழியாக அந்தத் தலையோடு சேர்ந்திருக்கும். தலை இறங்க இறங்க, கயிறு கையைப் பின்னால் இழுத்துவிடும். அவ்வளவுதான் சங்கதி. எஸ்டேட்டில் அதற்கு ஒரே பெயர்தான், மஹ்பூபா. தினமும் காலையில் மிஷினை ஓட்டுவதற்கு முன்னால் ‘மஹ்பூபா கீதா?’ என்று கேட்பார்கள், பட்டை இருக்கிறதா என்று. மாட்டியவன் கையைத் தூக்கி ‘கீது’ என்பான்.

“சார், எல்லாம் சரி. ஏன் மஹ்பூபான்னு பேர் வந்துச்சு? அதை ஒரு வரி எழுதுங்க. வர்றவங்க அதைத்தான் படிப்பாங்க. நாளைக்குச் சாயங்காலம் பிரிண்ட்டுக்குப் போகுது,” என்று லாவண்யா வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள்.

அந்த ஒரு வரியில்தான் தேவராஜின் தூக்கம் போயிற்று. பத்து வயதில் ஒரு நாள், ஷெட்டில் கேட்ட பெயரைச் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து ராகமாகச் சொல்லிப் பார்த்தான். அம்மா ஆக்னஸ் கரண்டியை விசிறியடித்தாள். “அவ பேரை இந்த ஊட்ல சொன்னா சோறு கெடையாது!” என்று கத்தினாள். அப்பா தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிலிருந்து வீட்டில் அது ‘அந்த பெல்ட்டு’. ஆக்னஸ் ஷெட்டுப் பக்கமே வருவதை விட்டாள். அப்பாவுக்கு ஒருத்தி இருந்தாள், அவள் பெயரைக் கூச்சமில்லாமல் மிஷினுக்கு வைத்தார் என்று அம்மா நம்பினாள். மகனும் நாற்பது வருஷமாக அதையே நம்பினான். முதலாளி ஆன பிறகும் அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. காலையில் கேட்கிற வேலையை ஃபிட்டர் வேம்புலியிடம் தள்ளிவிட்டிருந்தான்.

இப்போது அப்பாவின் பெயர் முதல்முறையாக ஒரு சுவரில் ஏறப்போகிறது. பக்கத்தில் அவள் பெயரும் ஏறினால் அம்மா வரமாட்டாள். ஏறாவிட்டால் எஸ்டேட்டே சிரிக்கும்.

சாயங்காலம் பொறுக்க மாட்டாமல் வேம்புலியிடம் போய் நின்றான். எண்பத்திரண்டிலிருந்து அங்கே இருக்கிற ஆள்.

“அண்ணாத்தே, மஹ்பூபான்றது... யாருண்ணா அது?”

வேம்புலி ஸ்பேனரைக் கீழே வைக்கக்கூட இல்லை. “பூந்தமல்லில கீது, நைனா. பஸ் ஸ்டாண்டாண்ட முஜீப் பாத்திரக்கடைன்னு கேளு. கல்யாணத்துக்கு அண்டா வாடகைக்கு உடுவாங்க. அவனோட அம்மாதான்.”

“உயிரோட கீறாங்களா? இத்தினி வருஷமா ஏன் சொல்லலை?”

“நீ எங்க கேட்ட?” என்றார் வேம்புலி.

வெள்ளிக்கிழமை காலை வண்டியை எடுத்தான். அயனம்பாக்கம் வழியாக வானகரம் போய், மெட்ரோவுக்காகத் தோண்டிய சாலையில் லாரிகளுக்கு நடுவே புகுந்து புகுந்து போனான். வழி நெடுக ஹெல்மெட்டுக்குள் ஒத்திகை. அறுபது தாண்டிய அம்மாளிடம் போய், நீ என் அப்பனுக்கு என்ன வேணும் என்று எப்படிக் கேட்பது? வேலப்பன்சாவடி சிக்னலில் திரும்பிவிடலாம் என்று தோன்றியது. பின்னால் நின்ற பஸ்காரன் அடித்த ஹார்னில் நேராகவே போய்விட்டான்.

கடை வாசலில் அண்டாக்களும் தேக்சாக்களும் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. முஜீப் குட்டியானை வண்டியில் பாத்திரம் ஏற்றிக்கொண்டிருந்தான். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மூடியை மறந்துட்டியே என்று அவனை அதட்டிக்கொண்டிருந்த அம்மாள் தேவராஜைப் பார்த்தாள்.

“இன்னா வேணும் தம்பி? கல்யாணமா?”

“இல்லமா. நான் பால்ராஜ் பையன். அம்பத்தூர் எஸ்டேட்டு.”

அவள் சற்று நேரம் பார்த்தாள். “மூக்கு அப்டியே கீது,” என்றாள். “உக்காரு.”

உட்காரவில்லை. ஒத்திகை எல்லாம் மறந்துபோய், “எங்கப்பாவுக்கும் உங்களுக்கும்...” என்று ஆரம்பித்து நின்றுவிட்டான். அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் சிரித்த சிரிப்பில் முஜீப் வண்டியிலிருந்து எட்டிப் பார்த்தான்.

“அட கடவுளே! அந்தாளு மூஞ்சிக்கா?” என்றாள். சிரித்து முடித்துவிட்டு வலது கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. “இதுதான் உங்கப்பனுக்கும் எனக்கும்.”

தேவராஜ் உட்கார்ந்தான்.

“எம்பத்திநாலுல போச்சு. எனக்கு இருபத்திரெண்டு வயசு. ரெஜிஸ்டர்ல பேர் இல்லாம நாங்க பன்னெண்டு பொம்பளைங்க அங்க ஓட்டிக்கினு இருந்தோம். யாரோ பெட்டிஷன் எழுதிப் போட்டு ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வந்தாரு. மஹ்பூபான்ற பொண்ணுக்கு அடி பட்டுதாமேன்னு கேட்டாரு. நான் கட்டோட கேட்டாண்டதான் நிக்கறேன். உங்கப்பன் என்னைப் பாத்துக்கினே சொன்னாரு, அப்டி யாரும் இங்க இல்ல சார்னு. வெரல் போனதுக்குக்கூட நான் அவ்ளோ அழுவல தம்பி.”

“அப்புறமும் ஏம்மா திரும்பப் போனீங்க?”

“வேற எங்க போறது? ரெண்டு மாசத்துல அதே மிஷினு. பயத்துல கை நடுங்கும். எங்க ஊட்டுக் கெணத்துல தண்ணி சேந்தும்போது பாத்தேன். ஒரு பக்கம் வாளி எறங்கினா இன்னொரு பக்கம் கயிறு ஏறுது. தலை எறங்கினா என் கை வெளிய வரணும், அவ்ளோதானே? சைக்கிள் டியூப்பைக் கையில கட்டி, கெணத்துக் கப்பியையே கழட்டினு போய் மாட்டினேன். எல்லாம் சிரிச்சாங்க. சரக்கு வாங்கற பெரிய கம்பெனிக்காரன் வந்து பாத்தான், அவன் சிரிக்கல. எல்லா மிஷினுக்கும் போடச் சொன்னான். உங்கப்பனுக்கு ஷீல்டு குடுத்தான்.”

அந்த ஷீல்டு தேவராஜின் மேஜைக்குப் பின்னால்தான் இருக்கிறது. லாவண்யா அதை ஆறு கோணத்தில் படம் எடுத்திருந்தாள்.

“மீதி மிஷினுக்கும் மாட்டிக் குடுன்னு ஊட்டுக்கே வந்தாரு. மாட்டறேன்னேன், ஆனா தெனம் காலைல நீயே ஒவ்வொரு மிஷினாண்ட போய் நின்னு, மஹ்பூபா கீதான்னு கேக்கணும். ஓட்டறவங்க கையைத் தூக்கி, கீதுன்னு சொல்லுவாங்க. நீ இருக்கிற வரைக்கும் அதைக் காதால கேட்டுகினே இருன்னேன். கேட்டாரா?”

தேவராஜுக்கு அப்பா காய்ச்சலோடு ஆட்டோ பிடித்து ஷெட்டுக்கு வந்துவிட்டு, அரைமணியில் திரும்பிப் படுத்துக்கொண்ட நாட்கள் ஞாபகம் வந்தன. உடம்பு கொதிக்கும்போதும் அவளைப் பார்க்காமல் முடியவில்லையா என்று அம்மா சுவரைப் பார்த்துத் திட்டுவாள்.

“கேட்டாருமா. சாவற வரைக்கும் கேட்டாரு.”

“இப்ப நீ கேக்கறியா?”

“வேம்புலியண்ணன் கேக்கறாரு.”

அவள் திரும்பி, வண்டியில் ஏறிய அண்டாக்களை எண்ண ஆரம்பித்தாள். திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது அவனுக்கு. கண்காட்சியைப் பற்றிச் சொல்லி, “போர்டுல உங்க பேரைப் போடட்டுமா?” என்று கேட்டான்.

“என் பேரைப் போட எங்கிட்ட கேக்கற. உங்கப்பன் பேரை எடுக்கறதுக்கு யாராண்ட கேப்ப?” என்றாள் மஹ்பூபா. அதற்குள் ஜும்மா தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று முஜீப் கடையைச் சாத்த வந்தான்.

கள்ளிக்குப்பத்தில் வீட்டுக்குள் நுழைந்தபோது, ஆக்னஸ் சனிக்கிழமைக்கான புடவையை நாற்காலியில் மடித்து வைத்திருந்தாள். எழுபத்தைந்து வயதில் புருஷனுக்குக் கிடைக்கும் மரியாதையைப் பார்க்கப்போகிறாள். பாதி மனசு சந்தோஷம், பாதி மனசு கோபம். “அந்தப் பேரு இல்லாத மாதிரி எழுதினியா?” என்று ஆரம்பித்தாள்.

தேவராஜ் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். அப்பாவுக்கு அப்படி ஒருத்தி இல்லை என்பதை முதலில் சொன்னான். அம்மாவின் முகம் தளர்ந்ததைப் பார்த்ததும் மீதியைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நொடி ஆசை வந்தது. விழுங்கப் பார்த்தான், முடியவில்லை. கேட்டருகே கட்டோடு நின்ற பெண்ணையும், அப்பா அவளைப் பார்த்துக்கொண்டே சொன்னதையும் சொல்லி முடித்தான்.

ஆக்னஸ் வெகுநேரம் புடவையின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தாள்.

“நாப்பது வருஷம் அந்தாளை வெறுத்தேன்,” என்றாள். “ஒருத்திய வெச்சுகினு இருந்திருந்தாக்கூடத் தேவலாம் போலக் கீதேடா.”

அழுதாள். தேவராஜுக்கும் அழுகை வந்தது, ஆனால் நான்கு மணி ஆகிவிட்டது, லாவண்யா மூன்று முறை கூப்பிட்டுவிட்டாள். ஃபோனை எடுத்துத் தட்டினான். அழித்தான். மறுபடி தட்டினான். அனுப்பும் முன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினான்.

‘கண்டுபிடித்தவர் மஹ்பூபா, பவர் பிரஸ் தொழிலாளி. இரண்டு விரல்களை இழந்தபின் இதைச் செய்தார். அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று அன்றைய முதலாளி பால்ராஜ் அதிகாரியிடம் சொன்னார். பிறகு இருபத்தைந்து வருஷம், தினமும் காலையில், மஹ்பூபா இருக்கிறாளா என்று கேட்டார்.’

“அப்பா பேரைக் கெடுத்துட்டனாம்மா?”

“ரெண்டும் அந்தாளு செஞ்சதுதானே,” என்றாள் ஆக்னஸ். “அனுப்பு.”

சனிக்கிழமை ஹாலுக்குப் போகும் முன் ஷெட்டுக்குப் போக வேண்டும் என்று அடம்பிடித்து, நாற்பது வருஷத்துக்குப் பிறகு ஆக்னஸ் உள்ளே வந்தாள். மணி எட்டு. ஒன்பது மிஷினில் ஐந்து புதுசு, அவற்றுக்குப் பட்டை வேண்டாம். பழையது நான்கு. கேட்பதற்காக வேம்புலி கிளம்பினார். தேவராஜ் அவர் தோளைத் தொட்டு நிறுத்திவிட்டு, தானே முதல் மிஷினுக்குப் போனான்.

“மஹ்பூபா கீதா?”

குரல் எழும்பவில்லை. மிஷினில் இருந்த தஸ்லீம், “இன்னா சார்?” என்றாள். இன்னொரு முறை சத்தமாகக் கேட்டான்.

“கீது!” தஸ்லீம் பட்டை மாட்டிய கையைத் தூக்கினாள். இரண்டாவது மிஷினில் கேட்டான். கீது. மூன்றாவதில் கேட்டான். கீது. நான்காவதில் ஆள் இல்லை. பட்டை கயிற்றில் சும்மா தொங்கியது. அதைத் தாண்டி ஆபீஸ் பக்கம் நடந்தான்.

“அந்த மிஷினை ஏன்டா உட்டுட்ட?” என்றாள் ஆக்னஸ்.

“அதுல யாரும் இல்லமா. லீவு.”

“உங்கப்பன் மாதிரியே சொல்றியே. கேளு.”

தேவராஜ் திரும்பி வந்து நின்றான். மூன்று மிஷின்காரர்களும் ஓட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“மஹ்பூபா கீதா?”

ஆக்னஸ் போய் அந்தத் தோல் பட்டையை எடுத்துத் தன் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டாள். கையைத் தூக்கினாள்.

“கீது,” என்றாள்.