ஒரோபேசா ரொட்டியும் நடு சீட்டும்

அலுமினியச் சட்டத்துக்குள் என் மூட்டை இறங்கவில்லை. அதற்குள் அடங்கும் பைக்கு மட்டும்தான் விமானத்தில் காசு கிடையாதாம். மூட்டையில் இருந்ததோ பக்கத்து ஊர் ஒரோபேசாவில் சுட்ட நான்கு ரொட்டிகள், ஒவ்வொன்றும் தாம்பாளம் அகலம். எங்கள் மலையூர் குஸ்கோவிலிருந்து தலைநகர் லிமா போகிறவர்கள் அந்த ரொட்டி இல்லாமல் போனால் சொந்தக்காரர்கள் கதவைத் திறப்பார்கள், வாயைத் திறக்கமாட்டார்கள்.

"இது தனிப் பை. கட்டணம் கட்டணும்மா," என்றாள் சீருடைப் பெண். அவள் சொன்ன தொகை டிக்கெட்டைவிட அதிகம்.

"முதுகுல துணியால கட்டிக்கிட்டு வர்றது எப்படிம்மா பையாகும்?" என்றார் என் கணவர் ருபெர்த்தோ. "இதே துணியில பிள்ளையைக் கட்டிக்கிட்டு வந்தா பிள்ளைக்கும் காசு கேப்பியா?"

மனுஷன் வம்புக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே நம்பித்தான் கேட்டார். எங்கள் பக்கத்தில் கையில் தூக்கினால்தான் சாமான். முதுகில் கட்டினால் அது உடுப்போடு சேர்த்தி.

எனக்கு ரொட்டிக் கவலை இல்லை. வலது முழங்கால்தான் கவலை. உள்ளே கம்பி வைத்த கால், மடக்கினால் உயிர் போய் உயிர் வரும். மறுநாள் காலை லிமாவில் கம்பியை எடுக்கிறார்கள். எட்டு மாதம் காத்திருந்து கிடைத்த தேதி. பஸ்ஸில் போனால் கட்டில் மாதிரி சீட், போர்வை, சுடச்சுடச் சாப்பாடு, காலை நீட்டிக்கொண்டே போகலாம். ஆனால் நான்கு நாளாகச் சாலை மறியல். அதனால்தான் ருபெர்த்தோ போனில் விமான டிக்கெட் போட்டார். சீட் தேர்வு வேண்டுமா, முன்வரிசை வேண்டுமா என்று அது கேட்கக் கேட்க, எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்றே அழுத்தியிருக்கிறார். "பாதி விலைக்கு முடிச்சேன் பாத்தியா நியெவெஸ்," என்று பெருமை வேறு. அந்த வேண்டாம்களில் ஒன்று என் கால் என்பது அவருக்குத் தெரியவில்லை. எனக்கு நடு சீட். அவருக்கு ஏழு வரிசை பின்னால், கழிப்பறைச் சுவரை ஒட்டி.

கடைசியில் நான்கு ரொட்டியையும் ருபெர்த்தோ தன் சட்டைக்கும் ஜாக்கெட்டுக்கும் நடுவே நுழைத்து ஜிப்பை இழுத்துவிட்டார். வரிசையில் பின்னால் நின்ற அம்மாள், "எத்தனை மாசம்?" என்று கேட்டாள். சீருடைப் பெண் சிரிப்பை அடக்கி உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே விட்டாள்.

என் சீட்டுக்கும் முன்சீட்டுக்கும் நடுவே ஒரு சாண் இடம்தான் இருந்தது. நடைபாதை ஓரத்தில் ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட சுரங்கக்காரர் ஒருவர், இரண்டு ஆள் பருமன். காலை இப்படி வைத்துப் பார்த்தேன், அப்படி வைத்துப் பார்த்தேன். கண்ணீர் வந்துவிட்டது. ஒன்றரை மணி நேரம் இப்படி உட்கார்ந்தால் நாளைக்கு மருத்துவர் என்னைத் தொடவே மாட்டார் என்று பயந்தேன்.

சுரங்கக்காரர் என் காலைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"இந்த ஓர சீட்டுக்கு நான் தனியா காசு கட்டியிருக்கேன்."

"தெரியும்."

"வயித்துல ரொட்டியோட வந்தாரே, அவரு உங்க வீட்டுக்காரரா?"

"அந்தக் கூத்துக்கு நான்தான் பொண்டாட்டி."

"அந்த ரொட்டியோட சோம்பு வாசனை இங்க வரைக்கும் தூக்குது. ஒண்ணு வரச் சொல்லுங்க, மாறிக்கலாம்."

சொன்னதோடு எழுந்தும்விட்டார். நான் ஓரத்துக்கு நகர்ந்து, நடைபாதையில் காலை முழுசாக நீட்டினேன். அப்பாடா என்று வாய்விட்டே சொன்னேன். அவ்வளவு பெரிய உடம்பு நடு சீட்டில் தோளைக் குறுக்கி, முட்டி நெஞ்சில் இடிக்க உட்கார்ந்தது.

செய்தி வாய்மாறி வாய்மாறிப் பின்னால் போனது. ரொட்டி கைமாறிக் கைமாறி முன்னால் வந்தது. வரும் வழியில் ஆளுக்கொரு துண்டு பிய்த்திருக்கிறார்கள். எங்களிடம் வந்து சேர்ந்தது உள்ளங்கை அகலம்தான். சுரங்கக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பேசினது முழு ரொட்டி."

இரண்டாவதைக் கேட்டு அனுப்பினோம். அதுவும் பாதிதான் வந்தது. கீழே மலைச்சாலையில் லாரிகளும் பஸ்களும் அசையாமல் நின்றிருந்தன. மேலே விமானம் முழுக்க எல்லோரும் மென்றுகொண்டிருந்தார்கள்.

லிமாவில் சக்கரம் தரை தொட்டதும் வழக்கம்போல் கைதட்டினார்கள். எல்லோரும் இறங்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். கால் வலிக்கவில்லை. அதை இரண்டு தடவை தடவிப் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டேன்.

கடைசி ஆளாக ருபெர்த்தோ வந்தார், மிச்ச இரண்டு ரொட்டியும் இல்லாமல் ஜாக்கெட் தொளதொளவென்று தொங்க.

"பிள்ளை எங்கய்யா?" என்றேன்.

முன்னால் இறங்கிப் போகிறவர்களைக் கையால் காட்டினார். அத்தனை பேரும் சட்டையிலிருந்து துகளைத் தட்டிக்கொண்டே போனார்கள். பிறகு ருபெர்த்தோ தன் தொப்பியைக் கழற்றினார். உள்ளே எனக்காக ஒரு துண்டு இருந்தது, ஓரத்தில் அவர் பல் பதிந்திருந்தது.